ஆறு வருட போனஸ் – அத்தியாயம் 14

போன வாரம் நிதானத்தைக் கார் நிறுத்துமிடத்துத் தூணோடு விட்டுவிட்டு வந்துவிட்டோம். அதற்காக உங்களில் சிலர் என்மேல் கோபமாக இருக்கிறீர்கள். நான் என்ன செய்ய? இடித்தவள் அவள். நான் பக்கத்தில்கூட இல்லை.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. நிதானம் அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. கணவர் வைத்த பட்டப்பெயர். வண்டியை அவ்வளவு மெதுவாக ஓட்டுவாள். சைக்கிளில் போகிறவர்கள்கூட மணியடித்துவிட்டு முந்திப் போவார்கள். கண்ணாடிக் கடையில் வேலை. ஃப்ரேமை முகத்துக்குப் பொருத்தி, காதில் உறுத்தாமல், மூக்கில் வழுக்காமல் சரிசெய்து கொடுப்பவள் அவள்தான்.

கணவர் லிஃப்ட் பொருத்துகிறவர். எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் வேலை, ஒரே வருடம் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று வருடம் ஆகிவிட்டது. கடைசியாக வீட்டுக்கு வந்து பதினான்கு மாதம். பணம் மட்டும் ஒன்றாம் தேதி தவறாமல் வந்துவிடும். ஆள்தான் வருவதில்லை.

வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கண்ணாடியில் ஒருவர் நடந்து போனார். அப்படியே கணவரின் நடை. தோளைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல். யார் என்று பார்ப்பதற்குள் தூண் வந்துவிட்டது. பின் பம்பர் போச்சு, ஒரு விளக்கு போச்சு, இடது பக்கக் கதவு உள்ளே போய்விட்டது. அந்த நடையைப் பற்றி அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் வீட்டில் பஞ்சாயத்து கூடிவிட்டது.

கூட்டியவள் மகள். கல்லூரியில் இரண்டாம் வருடம் கணிதம் படிக்கிறாள். வீட்டில் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சு வந்த நாளிலிருந்து எதற்கும் ஒரே பேச்சில் சரி என்று சொன்னதில்லை அவள்.

“நேத்து சாயங்காலமே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிட்டேன்மா.”

“எதுக்கு?”

“கிளெய்முக்குத்தான். பதிவு எண்கூட வந்துடுச்சு. இன்னிக்கு மூணு மணிக்கு சேதத்தைப் பார்க்க பட்டறைக்கு சர்வேயர் வர்றார்.”

நிதானம் டீயை ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதிக் கோப்பையில் கை நின்றுவிட்டது.

“என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டியா?”

“கேட்டா வேணாம்னு சொல்லுவே. அதான் கேட்கலை.”

வாசல் மணி அடித்தது. அடித்த விதத்திலேயே யார் என்று தெரிந்துவிட்டது. நாத்தனார் மணியில் விரலை வைத்தால் கதவு திறக்கும்வரை எடுக்க மாட்டாள்.

நாத்தனார் என்றால் கணவரின் அக்கா. இருபத்திரண்டு வருடமாக இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். கல்யாண வீடோ துக்க வீடோ, கைப்பையில் நாலு விண்ணப்பப் படிவம் இருக்கும். தெருவில் பாதிப் பேர் அவளிடம் பாலிசி எடுத்தவர்கள். மீதிப் பாதிப் பேர் அவளைத் தூரத்தில் பார்த்தாலே வேறு தெரு வழியாகப் போய்விடுவார்கள். எல்லாருக்கும் அவள் பாலிசி அத்தை.

“என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க அம்மாவும் பொண்ணும்? கிளெய்ம் பதிவாயிடுச்சுன்னு எனக்கு மெசேஜ் வருது. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை.”

“உட்காருங்கக்கா. டீ குடிங்க.”

“டீயும் வேணாம், ஒண்ணும் வேணாம். முதல்ல வாபஸ் வாங்கு.”

“மெசேஜ் அப்பாவுக்கும் போயிருக்கும் அத்தை,” என்றாள் வக்கீல். “வண்டி அவர் பேர்ல. பாலிசியும் அவர் பேர்ல.”

மூன்று பேரும் மேசைமேல் கிடந்த போனைப் பார்த்தார்கள். அது பாட்டுக்குக் கிடந்தது.

பாலிசி அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “இங்க பாரு வக்கீல். ஒரு வருஷம் கிளெய்மே போடலைன்னா அடுத்த வருஷ பிரீமியத்துல இருபது சதவீதம் குறைப்பாங்க. அதுக்கு அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். அஞ்சு வருஷம் தாண்டிட்டா பாதி பிரீமியம் கட்டினா போதும். அதுக்குப் பேர்தான் நோ கிளெய்ம் போனஸ். உங்கம்மா ஆறு வருஷமா அதைக் காப்பாத்திட்டு வர்றா. நீ ஒரே ஒரு கிளெய்ம் போட்டே, அவ்வளவுதான். மறுபடி பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்.”

“தெரியும் அத்தை. ரிப்பேருக்கு அம்மாவோட ரெண்டு மாசச் சம்பளம் ஆகும். போனஸ் போனா அடுத்த நாலஞ்சு வருஷத்துல கூடுதலா கட்டப் போறதும் ஏறக்குறைய அவ்வளவுதான். போட்டாலும் ஒண்ணு, போடாட்டியும் ஒண்ணு. நான் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்.”

“அப்ப எதுக்குப் போடணுங்கறேன்?”

“ஓட்டினது ஒருத்தர், உரிமையாளர் இன்னொருத்தர்னா, உரிமையாளர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். நீங்கதானே பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டிருந்தீங்க?”

பாலிசி அத்தை வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அந்த அதிசயத்தை அந்த வீடு பார்த்து எத்தனையோ வருடமாகிறது.

“அப்பா வரணும்,” என்றாள் வக்கீல். “எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

நிதானம் டீயை ஊற்றி முடித்தாள். மகள் நேற்று சாயங்காலம் கண்டுபிடித்ததை, அவள் தூணில் இடித்த மறு நிமிடமே கண்டுபிடித்துவிட்டாள். உடைந்த விளக்குச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டே நினைத்தாள், இதற்காவது வருவாரா என்று. நினைத்ததற்காக வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடியும் நினைத்தாள்.

ஆனால் அந்த போனஸ் இருக்கிறதே, அது அவளுக்குச் சாதாரணமில்லை.

ஆறு வருடத்தில் வண்டியில் கீறலே விழவில்லை என்று நினைக்காதீர்கள். ஐந்து முறை விழுந்தது. ஒரு தடவை ஸ்கூட்டர்காரன் உரசினான், ஒரு தடவை கடைவாசலில் யாரோ கதவைத் திறந்து இடித்தார்கள். ஐந்து தடவையும் சொந்தச் செலவில் டிங்கரிங் பார்த்தாள். ஒரு முறை அதற்காக வளையலைக்கூட அடகு வைத்தாள். கிளெய்ம் என்ற பேச்சே எடுக்கவில்லை.

காரணம், பாலிசி புதுப்பிக்கும் நாளில் அவர் போன் செய்வார். வேலைக்குப் போன முதல் இரண்டு வருடமும் செய்தார். கேட்பது ஒன்றுதான்.

“ஒரு கீறல்கூட இல்லாம வெச்சிருக்கியா?”

“எதை? என்னையா, வண்டியையா?”

“ரெண்டையும்தான்.”

இந்த மூன்று வரிக்காக அவள் வருடம் முழுக்க நிதானமாக ஓட்டினாள். அவர் போன பிறகு இந்த வீட்டில் எதுவும் உடையவில்லை, எதுவும் குறையவில்லை என்று காட்ட அவளிடம் இருந்த ஒரே காகிதம் அதுதான். நாலு மாதத்துக்கு முன் மறுபடி புதுப்பித்தபோது போன் வரவில்லை. வேலை நெருக்கடி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எல்லாவற்றையும் நாத்தனாரே ஓடியாடிச் செய்தாள். “நீ பாதியைக் குடு, மீதியை நான் பார்த்துக்கறேன்,” என்றாள். பாதி பிரீமியம்தானே கட்ட வேண்டும், மீதி என்ன மீதி என்று நிதானம் அப்போது யோசிக்கவில்லை.

“நான் சொல்றதைக் கேளு,” என்று பாலிசி அத்தை எழுந்தாள். “சர்வேயர் வர்றதுக்கு முன்னாடி வாபஸ் வாங்கிடு. ரிப்பேர் பணத்தை நான் தரேன்.”

வக்கீல் நிமிர்ந்து பார்த்தாள். அத்தை ரிப்பேர் பணம் தருகிறாளா? ஏதோ இடித்தது அவளுக்கு. ஆனால் கல்லூரிக்கு நேரமாகிவிட்டது.

“மத்தியானத்துக்குள்ள சொல்றேன்கா,” என்றாள் நிதானம்.

---

கடையில் அன்று கூட்டமில்லை. பதினோரு மணிக்கு ஒரு இளம் ஜோடி வந்தது. அவனுக்குத்தான் கண்ணாடி. நாலு ஃப்ரேம் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு மனைவியிடம் கேட்டான்.

“இது நல்லா இருக்கா?”

“இரு, பார்க்கறேன்.”

பார்த்தாள். முகத்தைத் திருப்பிப் பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள், கிட்டே வந்து பார்த்தாள். வேறு வேலையே இல்லாத மாதிரி பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டே நின்றான்.

நிதானம் மீதி மூன்று ஃப்ரேமையும் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

தினமும் முப்பது முகத்தைத் தொட்டு அளவு பார்க்கிறவள் அவள். சாயங்காலம் ஒரு முகம்கூட ஞாபகத்தில் இருக்காது. அவர் முகம் மட்டும் அளவோடு இருக்கிறது. இடது காது வலதைவிட ஒரு நூல் மேலே. மூக்கில் வலப்பக்கம் சின்ன மேடு. எந்தக் கடையில் கண்ணாடி வாங்கினாலும் அவருக்கு ஒரு பக்கம் ஏறித்தான் நிற்கும். அவள் கை பட்டால்தான் நேராக உட்காரும். பதினான்கு மாதமாக யார் சரிசெய்து கொடுக்கிறார்கள்? கோணலாகவே போட்டுக்கொண்டு திரிகிறாரா?

நினைக்க நினைக்க ஆசை பொங்கிக்கொண்டு வந்தது. அழுகை இல்லை, கோபமும் இல்லை. வெறும் ஆசை. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம் எதிரில் உட்கார வைத்து முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஜோடி போனதும் மகளுக்குப் போன் செய்தாள்.

“வாபஸ் வாங்க வேணாம். சர்வேயர் வரட்டும்.”

“அம்மா! நிஜமாவா?”

“போனஸ் போனா போகட்டும்.”

சொல்லிவிட்டு உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஆறு வருடத்தை ஒரு வாக்கியத்தில் விட்டுக்கொடுத்திருக்கிறாள், சும்மாவா?

---

மூன்று மணிக்குப் பட்டறையில் எல்லாரும் இருந்தார்கள். வக்கீல் கல்லூரியிலிருந்து நேராக வந்துவிட்டாள். கடைசி நேரத்தில் ஆட்டோ பிடித்து மூச்சு வாங்க வந்து இறங்கினாள் பாலிசி அத்தை.

“ஆறு வருஷத்துல உங்க வாயிலேர்ந்து கிளெய்ம்ங்கற வார்த்தையை இன்னிக்குத்தான் கேட்கறேன்,” என்றார் பட்டறைக்காரர், கையைத் துடைத்துக்கொண்டே. “மழை வந்தாலும் வரும்.”

சர்வேயர் முப்பது வயதுக்காரர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பம்பரைத் தட்டினார், கதவைத் தடவினார், படம் எடுத்தார்.

“தம்பி, உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்?” என்று குறுக்கே வந்தாள் பாலிசி அத்தை. “நாங்க வாபஸ் வாங்கறதா இருக்கோம். நீங்க கிளம்புங்க.”

“யாரு சொன்னது?” என்றாள் வக்கீல்.

“வந்தாச்சு, பார்த்துட்டுப் போயிடறேன்மா,” என்றார் அவர். முன் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தார். பிறகு நிதானத்தை உச்சி முதல் பாதம்வரை பார்த்தார்.

“மேடம், இடிச்சப்ப ஓட்டினது யாரு?”

“நான்தான்.”

“தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த சீட் ஆறடி ஆளுக்கு வெச்சிருக்கு. உங்களுக்கு பிரேக்கே எட்டாது. வேற யாராவது ஓட்டியிருந்தா இப்பவே சொல்லிடுங்க. பின்னாடி தெரிஞ்சா கிளெய்மையே நிராகரிச்சிடுவாங்க.”

நிதானத்துக்கு முகம் சிவந்துவிட்டது. பின் இருக்கையிலிருந்து இரண்டு தலையணையை எடுத்தாள். ஓட்டுநர் இருக்கையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்து, ஏறி உட்கார்ந்து, நுனிக்காலால் பிரேக்கை மிதித்துக் காட்டினாள்.

“இப்படித்தான் ஓட்டுவேன்.”

“எவ்வளவு நாளா?”

“மூணு வருஷமா.”

“கீழே ஒரு கம்பி இருக்கு மேடம். இழுத்தா சீட் முன்னாடி வந்துடும். யாரும் சொல்லித் தரலையா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா இப்படி?”

“இது அவர் வெச்ச அளவு,” என்றாள் நிதானம். “வந்து உட்கார்ந்தா அவருக்குச் சரியா இருக்கணும்.”

பட்டறைக்காரர் வேறு எங்கோ பார்த்தார்.

“இடுப்பு வலின்னு சொன்னியேம்மா,” என்றாள் வக்கீல், மெதுவாக.

சர்வேயர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அவர் குரல் மாறிவிட்டது. “சரி மேடம். ஓட்டினது நீங்கன்னே எழுதிக்கறேன். சார் நேர்ல வந்து ஒரு கையெழுத்துப் போட்டா போதும். வியாழக்கிழமை ஆபீசுக்கு வரச் சொல்லுங்க.” கையிலிருந்த திரையைத் தள்ளிப் பார்த்தார்.

“தம்பி, ஒரு டீ சாப்பிடறீங்களா? பக்கத்துலதான் கடை,” என்றாள் பாலிசி அத்தை. குரல் உச்சத்தில் இருந்தது.

“வேணாம்மா. மேடம், நீங்க தயங்காம கிளெய்ம் போடுங்க. பொதுவா சின்னச் சின்ன அடிக்குப் போட வேணாம்னு நாங்களே சொல்லுவோம், போனஸ் போயிடும்னு. உங்களுக்கு அந்தக் கவலையே இல்லை. இந்தப் பாலிசில போனஸே கிடையாது.”

“இருக்கு,” என்றாள் நிதானம். “ஆறு வருஷ போனஸ். பாதி பிரீமியம்தான் கட்டினேன்.”

“இல்லையே.” திரையை அவள் பக்கம் திருப்பினார். “நாலு மாசம் முன்னாடி முழு பிரீமியம் கட்டியிருக்கு. போனஸ் பூஜ்யம். வேற வண்டிக்கு மாத்தியிருக்காங்க. போனஸ் வண்டிக்குக் கிடையாது மேடம், உரிமையாளருக்குத்தான். அவர் இன்னொரு வண்டி வாங்கினா, ஒரு கடிதம் வாங்கி அதுக்கு எடுத்துட்டுப் போயிடலாம். ஒரு நேரத்துல ஒரு வண்டிக்குத்தான் தருவாங்க.” நிமிர்ந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். “சார் சொல்லலையா?”

பாவம், நல்லது செய்வதாக நினைத்துத்தான் அந்த மனிதர் சொன்னார். இரண்டு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மறுபடியும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நிதானம் திரும்பினாள். பாலிசி அத்தை பழைய டயர் அடுக்கில் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

“உங்களுக்குத் தெரியுமா அக்கா?”

“தெரியும்டி.”

“எப்பலேர்ந்து?”

“புதுப்பிக்கறப்பதான். என்கிட்ட கேட்காம நேரா ஆபீசுக்கு எழுதிக் கடிதம் வாங்கிட்டான். பாதிப் பணத்தைக் கொண்டு போய்க் கட்டினா, பத்தாது, முழுசும் கட்டுங்கறான் அங்க இருக்கறவன். என் தலையில இடி விழுந்த மாதிரி ஆயிடுச்சு.”

“மீதிப் பணம்?”

“நான் போட்டேன். நீ காகிதத்தைப் பார்த்துடக் கூடாதுன்னு அதையும் என் வீட்லயே வெச்சுக்கிட்டேன்.” மூக்கை உறிஞ்சினாள். “அவனைக் கூப்பிட்டுத் திட்டினேன். அக்கா, அவகிட்ட சொல்லிடாதே, நானே சொல்றேன்னான். சொல்லுவான் சொல்லுவான்னு நாலு மாசம் பார்த்தேன். தூக்கி வளர்த்த தம்பிடி. எப்படி நான் என் வாயால சொல்லுவேன்?”

“தினமும் வீட்டுக்கு வந்தீங்களேக்கா. என் மூஞ்சியைப் பார்த்துட்டு எப்படி இருந்தீங்க?”

“அதைப் பார்த்துட்டுத்தான் சொல்லலை.”

வக்கீலுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “என்ன வண்டி அத்தை அது?”

பாலிசி அத்தை கைப்பையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். கடிதத்தின் நகலை எடுத்து நீட்டினாள். நாலு மாதமாக அந்தப் பையிலேயே திரிந்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. புது வண்டியின் விவரம் ஒரே வரியில் இருந்தது.

“ஏழு சீட்டு,” என்று படித்தாள் வக்கீல். “ஏழு பேர் உட்கார்ற வண்டி.”

“தனியா இருக்கறவனுக்கு எதுக்குடி ஏழு சீட்டு?” என்றாள் பாலிசி அத்தை. கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நிதானத்தின் மனசு என்ன செய்தது தெரியுமா? கோபப்படவில்லை. என்னையும் மகளையும் அக்காவையும் அங்கேயே கூட்டிக்கொண்டு போகத்தான் வாங்கியிருப்பாரோ, திடீரென்று வந்து நின்று ஆச்சரியப்படுத்தத்தான் சொல்லவில்லையோ என்று நினைத்தது. அவரையும் சேர்த்தால் நாலு பேர். மீதி மூன்று இருக்கைக்கு ஆள் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

---

ஆறு மணிக்குப் போன் வந்தது.

கூடத்தில் மூன்று பேரும் இருந்தார்கள். பாலிசி அத்தை வீட்டுக்குப் போகவில்லை. போகச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை. திரையில் அவர் பெயர் வந்ததும் வக்கீல்தான் முதலில் பார்த்தாள். போனைத் தூக்கி அம்மாவின் கையில் வைத்தாள்.

“நிதானம்?”

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. வேலையிலிருந்து வந்த களைப்போடு, கடைசி எழுத்தை அழுத்தாமல் விடும் அதே குரல். சண்டை போட வேண்டும் என்று பட்டறையிலிருந்து வரும் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த அத்தனையும் எங்கே போயிற்றோ, தெரியவில்லை.

“சொல்லுங்க.”

“கிளெய்ம்னு மெசேஜ் வந்துது. சைட்ல இருந்தேன், இப்பதான் பார்த்தேன். உனக்கு ஒண்ணும் ஆகலையே?”

“எனக்கு ஒண்ணும் ஆகலை. தூண்ல இடிச்சேன்.”

“நீயா? தூண்லயா?” சிரித்தார். “அது என்ன வேகத்துல வந்துது?”

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என்ன ஜென்மம் இது என்று தன்னையே திட்டிக்கொண்டு சிரித்தாள். மகள் முறைத்தாள். அதைப் பார்த்தும் அவளால் நிறுத்த முடியவில்லை. ஒரு அரை நிமிடம், எதுவுமே நடக்காத மாதிரி இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த அரை நிமிடத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ள முடியாதா என்று இருந்தது அவளுக்கு.

அப்புறம் அவர் சொன்னார்.

“கிளெய்மை வாபஸ் வாங்கிடும்மா. ரிப்பேருக்கு நாளைக்கே பணம் அனுப்பறேன். ஆறு வருஷ போனஸ் வீணாப் போயிடும். உனக்கு அது எவ்வளவு முக்கியம்னு எனக்குத் தெரியாதா?”

நிதானம் கண்ணை மூடிக்கொண்டாள்.

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்! கடிதத்தின் நகல் மேசைமேல்தான் கிடக்கிறது. அதை எடுத்து ஒரு வரி படித்தால் போதும். படித்தால் குறுகிப் போவார். குறுகிப் போனவர் வர மாட்டார். பணத்தை அனுப்பிவிட்டு இன்னும் பதினான்கு மாதம் ஒளிந்துகொள்வார். படிக்காமல் விட்டால், அவர் இன்னும் பொய் சொல்லிக்கொண்டே இருப்பார், அவளும் கேட்டுக்கொண்டே இருப்பாள். இவ்வளவு நாள் அப்படித்தானே ஓடியது.

பாலிசி அத்தை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“போனஸ் போனா போகட்டும்ங்க,” என்றாள் நிதானம். “சர்வேயர் பார்த்துட்டுப் போயிட்டார். நீங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். வியாழக்கிழமை.”

“வியாழக்கிழமையா? அது... லீவு கேட்கணும். பஸ்ல இடம் கிடைக்காது. உடனே எப்படி?”

“எதுக்கு பஸ்? உங்க வண்டில வாங்க.”

“எந்த வண்டி?”

“ஏழு பேர் உட்கார்ற வண்டி.”

எதிர்முனையில் சத்தமில்லை. வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் மூச்சு விடுவது கேட்டது.

“அக்கா சொன்னாளா?”

“இல்லை. உங்க பாலிசியே சொல்லிச்சு.”

திட்டு வாங்கத் தயாராகக் காத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. திட்டினால் அவருக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்றும் தெரிந்தது.

“எனக்கு உங்களைப் பார்க்கணும்,” என்றாள். மகள் எதிரில், நாத்தனார் எதிரில், இவ்வளவு வெளிப்படையாக அவள் எதையும் கேட்டதே இல்லை. “மத்ததெல்லாம் அப்புறம். பார்க்கணும்போல இருக்கு. வாங்க.”

“நிதானம்...” குரல் உடைந்திருந்தது. “வரேன். வியாழக்கிழமை வரேன். ஆனா... நான் தனியா வர முடியாதும்மா.”

பாலிசி அத்தை சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தாள். வக்கீல் போனைப் பிடுங்கக் கையை நீட்டினாள். நிதானம் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விடவில்லை.

“எத்தனை பேர்னு மட்டும் சொல்லுங்க,” என்றாள். “படுக்கை போடணும்.”